மறுமையில் ஒரு காதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 20 வயது. இளையோருக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விபத்தில் இறந்துபோகும் 17 வயதுப் பெண் மறுவுலகில் ஒருவனைச் சந்திக்கிறாள். அவன் இறந்து 60 ஆண்டுகள் ஆகின்றன, பார்வைக்கு அவனுக்கும் 17தான். மூன்று அத்தியாயங்களுக்குப் பிறகு கதை நகரவில்லை. இருவருமே இறந்தவர்கள், இனி இழக்க என்ன இருக்கிறது? படித்த தோழி, சாவை அழகாக்கிக் காட்டுகிறாயோ என்றும் கேட்டுவிட்டாள். அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் தன் தங்கையின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, பெயர் வராமல் நிற்கிறான். அதை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே இருவரையும் நிலவொளியில் நடக்க விட்டுவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

செத்தவர்களிடம் உயிர் இல்லை, நினைவு இருக்கிறது. அது போய்விடுமோ என்ற அச்சம் மிகப் பழையது. கிரேக்கர்களின் பாதாளத்தில் லீத்தி என்ற மறதி ஆறு ஓடுகிறது. மறுபிறப்புக்குக் காத்திருக்கும் உயிர்கள் அந்த நீரைக் குடிப்பதை ரோமானியக் கவிஞர் வர்ஜில் பாடியிருக்கிறார். சீனர்களின் நம்பிக்கையில் மெங் போ என்பவள் மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு மறதி தரும் சூப்பைக் கொடுக்கிறாள். நம் குறுந்தொகைத் தலைவி, இம்மை மாறி மறுமை வந்தாலும் நீயே என் கணவன் ஆகுக என்கிறாள். அவள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்கு அடியில் இதே அச்சத்தைத்தான் நான் கேட்கிறேன்.

அடுத்தது விலை. கிரேக்கப் புராணத்தில் பாடகன் ஆர்ஃபியூஸின் மனைவி யூரிடைசி, நம் புராணத்தில் ருரு மணக்கவிருந்த பிரமத்வரை, இரண்டு பெண்களும் பாம்பு தீண்டி இறந்தவர்கள். யூரிடைசியை மீட்கப் பாதாளத்துக்குப் போன ஆர்ஃபியூஸுக்கு விதித்த நிபந்தனை, மேலே வரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான், அவள் போய்விடுகிறாள். மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ருரு தன் ஆயுளில் பாதியைக் கொடுத்துப் பிரமத்வரையை எழுப்புகிறான். இரண்டிலும் சட்டம் ஒரே வாக்கியம்தான். உங்கள் உலகத்திலோ காவலர்கள், வாசல்கள், நிறம் மாறும் மணிகள் என்று ஏழெட்டுச் சட்டங்கள். அவற்றில் ஒன்றுகூடக் காதலர்களிடம் எதையும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள்: அங்கே புதிதாக ஒன்று மனத்தில் நிற்க வேண்டுமானால், பழையது ஒன்று போக வேண்டும். அவள் முகம் அவனுக்கு மறக்காமல் இருக்க, தங்கையின் பெயர் போயிருக்கிறது. இனி அவளை நிமிர்ந்து பார்க்கவே அவன் தயங்குவான் அல்லவா?

அவன் வயதுச் சிக்கலும் இதிலேயே தீரும். 60 ஆண்டு அனுபவம் சேர்ந்த ஒருவன் 17 வயதுப் பெண்ணைக் காதலிப்பது எனக்கு உறுத்துகிறது, உங்கள் வாசகர்களுக்கும் உறுத்த வேண்டும். எதுவும் சேராமல் கரைந்துகொண்டே இருந்தவன் என்றால், அவன் உண்மையிலேயே 17இல் நின்றுபோனவன்.

தோழி கேட்டதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் இந்த மாதிரி நாவலைத் தேடி எடுத்துப் படிப்பார்கள். அவள் காதலுக்காகச் சாகவில்லை, விபத்தில் இறந்தாள். அதை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே சிரித்து விளையாடத் தொடங்கிவிடுகிறாளே! தன் சாவுக்காக அழ அவளுக்கு நேரம் கொடுங்கள். பாதியில் விட்ட கணக்கு, அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிய காலை, இனி வரவே போகாத 18வது பிறந்தநாள். இவை அவளை வதைக்கட்டும். அந்தக் கனம் பக்கத்தில் இருந்தால், எந்தப் பிள்ளைக்கும் அது ஆசைப்பட்டுப் போகும் இடமாகத் தோன்றாது.

இப்போதைக்கு மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுதி அனுப்புங்கள். நிலவு வேண்டாம். முதல் எழுத்து அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டுப் போகட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பெண் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுவா, இதுவா என்று கேட்கட்டும்.