பிள்ளைகள் ஒரே பெஞ்சில், பெற்றோர் தனித்தனிக் குழுவில்

கேள்வி: மகன் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பேரனுக்கு ஒரு சார்ட்டர் ஸ்கூலில் குலுக்கலில் இடம் கிடைத்தது, பல நாட்டுக் குடும்பங்களும் அங்கே ஒன்றாகப் பழகுகிறார்களாம். இங்கே பேத்தி படிக்கும் மெட்ரிக் பள்ளியில், ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்ட இடத்தில், சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை வாட்ஸ்அப் குழுவில்கூடச் சேர்ப்பதில்லை. நம்ம ஊர் எப்பங்க மாறும்?
- ஒரு பாட்டி, பல்லடம்

பதில்: குலுக்கல் இங்கேயும் இருக்குதுங்கம்மா. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், விண்ணப்பம் அதிகமானால் நம் மாநிலத்திலும் குலுக்கல்தான். சார்ட்டர் ஸ்கூல் என்பது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துகிற, ஃபீஸ் இல்லாத பள்ளி. 1991-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் முதல் சட்டம் வந்தது. அங்கேயும் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பல பள்ளிகளுக்கு பஸ் கிடையாது, காரில் கொண்டுபோய் விட ஆளில்லாத வீட்டில் விண்ணப்பமே போடமாட்டார்கள், அப்புறம் ஒரே இனத்துப் பிள்ளைகளாக நிரம்பிய சார்ட்டர் பள்ளிகளும் நிறைய.

திருப்பூரில் என் அக்கா மகன் படித்த பள்ளியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதன்கிழமை காலை 11 மணி. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் அந்த நேரத்தில் எழுந்து வந்தால் அரை நாள் கூலி போச்சு. ஆனாலும் ஒடிசாக்காரம்மா ஒருவர் வந்திருந்தார், துப்பட்டாவில் நூல் பிசிறுகூடத் தட்டாமல். கடைசி பெஞ்ச். மிஸ் பேசியதை அவருடைய ஒன்றாம் வகுப்புப் பையன்தான் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான், நடுவில் "ஏனுங்க மிஸ், எங்கம்மாவுக்குப் புரியலீங்க" என்று சுத்தமான கொங்குத் தமிழில் ஒரு அதட்டல் வேறு! ஆண்டு விழாவுக்கு 500 ரூபாய் என்றதும் அந்தம்மா பர்ஸைத் திறந்து பார்த்து மூடிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. குழுவில் யாரோ "இவங்களுக்கெல்லாம் அக்கறையே இல்லை" என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

உங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கச் சொல்லிப் பாருங்கள், கறிக்கடைக் கூட்டம் கலைந்த பிறகு 11 மணிக்கு. வசூல் என்றால் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று குழுவில் பட்டியல் போடக் கூடாது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுற்றறிக்கையை இந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜாகப் போட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. இதெல்லாம் சொல்லிச் சரி செய்கிற விஷயம். ஆனால் ஆர்.டி.இ. பிள்ளைகளை வகுப்பில் தனியாக உட்காரவைத்தாலோ, தனி நேரத்தில் பாடம் நடத்தினாலோ கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், சட்ட விதிகளே அதைத் தடுக்கின்றன, நேராக மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் பேத்தியின் அம்மா அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்தானே? விடுபட்டவர்களின் நம்பரை இன்றைக்கே அட்மினுக்கு அனுப்பச் சொல்லுங்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.