டிஃபென்சின் மரபணுக் குடும்பத்தில் குறை இருந்தால்தான் குடல் அழற்சி வருகிறதா?

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. டிஃபென்சின் என்பது நுண்ணுயிர்களை எதிர்க்க உடலே சுரக்கும் காப்புப் பொருள். அது ஒற்றை மரபணு அல்ல, ஒரு குடும்பம். சிறுகுடலைக் காப்பவை வேறு, பெருங்குடலைக் காப்பவை வேறு. ‘டிஃபென்சின் குறைவு’ என்று யாராவது சொன்னால், எங்கே, எது என்று முதலில் கேளுங்கள்.

எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்ட சின்னஞ்சிறு பெப்டைடுகள் (குட்டிப் புரதங்கள்). அவற்றில் உள்ள ஆறு சிஸ்டீன்கள் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) இரண்டிரண்டாகப் பிணைந்து மூன்று டைசல்ஃபைடு பாலங்களாகும். எது எதோடு பிணைகிறது என்பதுதான் ஆல்ஃபா, பீட்டா என்ற பிரிவு. (தீட்டா வகை சில குரங்குகளிடம் உண்டு. நம்மிடமும் அதன் மரபணு இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு நிறுத்தக் குறி விழுந்துவிட்டதால் பெப்டைடு உருவாவதில்லை.)

சிறுகுடலில் பொறுப்பு ஆல்ஃபா வகைக்கு. குடற்குழிகளின் அடியில் இருக்கும் பானெத் செல்கள் ஹெச்டி5, ஹெச்டி6 என்ற இரு ஆல்ஃபா டிஃபென்சின்களைச் சுரக்கின்றன. ஹெச்டி5 செயலற்ற நீள வடிவில் சேமிக்கப்பட்டு, டிரிப்சின் வெட்டிய பிறகே பாக்டீரியாவின் சவ்வைத் தாக்கும். ஹெச்டி6 கொல்வதில் மந்தம். ஆனால் இழைகளாகச் சேர்ந்து வலை பின்னி பாக்டீரியாவைச் சுவரை நெருங்கவிடாமல் சிக்கவைக்கும். இது 2012இல்தான் வெளிவந்தது. நாள்பட்ட குடல் அழற்சிகளில் ஒன்றான கிரோன் நோய் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பிடித்தால், அங்கே இவ்விரண்டும் குறைந்து காணப்படுகின்றன.

அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, விளைவா? சச்சரவே இங்கேதான். அழற்சி முற்றினால் குடலின் உட்சுவரை மூடியிருக்கும் மேல்தோல் செல்களே உதிர்ந்துபோகும். பானெத் செல்களும் போகும். பயாப்ஸித் துண்டில் (சோதனைக்கு எடுத்த திசு) ஹெச்டி5இன் மரபணுவான டிஇஎஃப்ஏ5இன் ஆர்என்ஏவை, எல்லாச் செல்களிலும் இருக்கும் பீட்டா ஆக்டினோடு ஒப்பிட்டால், உள்ளே புகுந்த வெள்ளணுக்களின் ஆக்டினும் கணக்கில் சேர்ந்து குறைவைப் பெரிதாக்கிக் காட்டும். மேல்தோலுக்கே உரிய வில்லினோடு ஒப்பிடுவதே முறை. அழற்சி இல்லாத பகுதியிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும். இடதுபக்கப் பெருங்குடலில் ஹெச்டி5 தென்பட்டால் மகிழ வேண்டாம். அங்கே இயல்பாகப் பானெத் செல் கிடையாது. நாள்பட்ட அழற்சியால் திசு உருமாறியிருக்கிறது என்றே பொருள்.

பெருங்குடல் பீட்டா வகையின் இடம். அவற்றில் ஹெச்பிடி1 எப்போதும் சுரக்கும். ஹெச்பிடி2 அழற்சிச் சமிக்ஞை வந்தால்தான் எழும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி) நன்றாகவே எழுகிறது. ஹெச்பிடி1 பலவீனமானது என்று நெடுநாள் ஒதுக்கப்பட்டிருந்தது, ஆக்சிஜன் உள்ள சூழலில் சோதித்ததால். குடலுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. தயோரெடாக்சின் என்ற புரதம் அந்த மூன்று பாலங்களையும் திறந்துவிட்டால் அதுவே வலுவாகத் தாக்குகிறது என்று 2011இல் தெரிந்தது.

அடுத்து, பலரும் கேட்கும் பிரதி எண்ணிக்கை, அதாவது ஒரு மரபணு ஒருவரிடம் எத்தனை நகல்களாக இருக்கிறது என்பது. 8ஆம் குரோமோசோமில் ஹெச்பிடி2 மரபணு இருக்கும் தொகுதி, ஆளுக்கு ஆள் 2 முதல் 12 பிரதிகள் வரை மாறும், பலருக்கு 4. பிரதி குறைந்தால் பெருங்குடல் கிரோன் நோய் வரும் என்று 2006இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் ஒன்று நேரெதிராகச் சொன்னது. பெரும் சிக்கல் அளவீட்டில்தான். டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் பிசிஆரில் ஒரு சுற்று என்றால் இருமடங்கு. 3 பிரதிக்கும் 4 பிரதிக்கும் உள்ள இடைவெளி சுமார் 0.42 சுற்று, 4க்கும் 5க்கும் வெறும் 0.32. பிரதி கூடக் கூட இடைவெளி சுருங்கும். நோயாளிகளின் டிஎன்ஏவை ஒரு முறையிலும் மற்றவர்களுடையதை வேறு முறையிலும் பிரித்தெடுத்திருந்தால், அந்த வேறுபாடே நோயின் தொடர்பு போலத் தோன்றிவிடும். ஒரே பிரைமர் ஜோடியால் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இலக்கையும், எண்ணிக்கை மாறாத அதன் ஒத்த வரிசையையும் சேர்த்துப் பெருக்கி விகிதம் பார்க்கும் முறை இதைத் தவிர்க்கும். முடிவுகள் முழு எண்களைச் சுற்றிக் குவிகின்றனவா என்று பாருங்கள், 3.5இலும் 4.5இலும் சிதறிக் கிடந்தால் அந்தத் தரவை நம்ப வேண்டாம். இப்படிக் கவனமாக அளந்த 2010 ஆய்வில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஆகவே பிரதி எண்ணிக்கை அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எடுத்துவரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.