கவசத்தோடு கொழும்புக்கு: ஒரு தாயின் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 13 வயதில் ஒரு மகள். அனிமே, கொமிக் பாத்திரங்கள் என்றால் அவளுக்கு உயிர். கொழும்பில் நடக்கும் ரசிகர் மாநாட்டுக்கு ஒரு வாள்வீராங்கனையின் வேடத்தில் போகவேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். அங்கே வரும் இரண்டு பிள்ளைகளோடு இணையத்தில் பழக்கமாம்; ஒருத்தி கண்டி, மற்றவள் நீர்கொழும்பு. நான் வீட்டில் தையல் தைக்கிறேன். உடுப்பைத் தைத்துவிடுவேன், கவசத்துக்குத்தான் வழி தெரியவில்லை. இவர் கட்டாரில் வேலை. "குமர்ப் பிள்ளைக்கு வேசம் கட்டிக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறதா?" என்று மாமி கேட்கிறா. கவசத்தை ரயிலில் கொண்டுபோகலாமா? முன்பின் காணாத பிள்ளைகளை நம்பலாமா? மகளை உள்ளே விட்டுவிட்டு நான் வாசலில் காத்திருந்தால் போதுமா?

ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாசலில் நிற்கவேண்டாம். உங்களுக்கும் ஒரு ரிக்கற் எடுத்து உள்ளே போங்கள். காவலுக்கு அல்ல, அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. கவசம் போட்ட பிள்ளையால் குனிந்து செருப்பு வாரைப் பூட்ட முடியாது. உடுப்பில் பொக்கற் இருக்காது. கையுறையோடு போனைத் தட்டவோ தண்ணீர்ப் போத்தலைத் திறக்கவோ முடியாது. தலைக்கவசமும் இருந்தால் பக்கத்தில் வருகிறவரைத் தெரியாது. அதனால்தான் பெரிய உடுப்புக் கட்டுகிறவர்கள் கூடவே ஒரு துணையாளைக் கூட்டிவருகிறார்கள். ஹேண்ட்லர் என்பது அவருக்குப் பெயர். ஊசி, நூல், தண்ணீர், பணம் எல்லாம் அவர் தோள்பையில் இருக்கும். ஒரு தையற்காரத் தாயைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார்?

மாமியிடம் கூத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள். வடமோடிக் கூத்தில் வரும் அரசனின் கரப்புடுப்பு கோழி மூடும் கரப்பைப்போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும். அதை ஆட்டக்காரர் தனியே கட்டிக்கொள்வதில்லை. இன்னொருவர் நின்று கட்டவேண்டும், தலையில் வைத்த கிரீடம் ஆடாமல் இறுக்கவேண்டும், விடியும்வரை அவிழாமல் பார்க்கவேண்டும். உங்கள் வேலையும் அதுவேதான். உங்கள் பக்கத்தில் கூத்து உடுப்புக் கட்டிப் பழகியவர் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாரத்தைத் தலையில் மட்டும் ஏற்றாமல் தோளுக்கும் இடுப்புக்கும் பிரித்து இறக்கும் முறையை அவரிடம் பார்த்துக்கொள்ளலாம். மகளின் கவசத்துக்கும் அதே கணக்குத்தான்.

இந்த ரசிகர் வேடத்தின் தொடக்கத்திலும் ஒரு பெண்ணின் தையல் இருக்கிறது. 1939இல் நியூயோர்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது ஃபொரஸ்ற் அக்கர்மனும் மேர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். இருவர் உடையையும் ஆக்கியவர் மேர்ட்டில் டக்ளஸ். அமெரிக்காவின் சான் டியேகோ கொமிக் மாநாடு 1970இலும் தோக்கியோவின் கொமிக்கெற் என்ற கொமிக் சந்தை 1975இலும்தான் தொடங்கின. கொழும்பில் லங்கா கொமிக் கொன் 2015இல் தொடங்கியது.

இனிக் கவசம். தகரமும் வேண்டாம், மட்டையும் வேண்டாம், ரெஜிஃபோமும் வேண்டாம். தகரத்தை வாசலில் மறித்துவிடுவார்கள். மட்டை வியர்வையில் ஊறிவிடும். ரெஜிஃபோமில் ஸ்ப்ரே பெயின்ற் பட்டால் அது கரைந்து குழி விழும். உங்களுக்கு வேண்டியது ஈவிஏ ஃபோம். குழந்தைகள் தவழ விரிக்கும், ஒன்றோடொன்று கொழுவும் பாயைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தப் பொருள்தான். அது பெரும்பாலும் 10 மி.மீ. தடிப்பில் வரும். மார்புக்கும் தோளுக்கும் அது சரி. முன்கைக்கும் காலுக்கும் 5 மி.மீ. போதும். விளிம்பு அலங்காரத்துக்குப் புத்தகக்கடைகளில் விற்கும் 2 மி.மீ. ஃபோம் தாள் எடுங்கள்.

முன்கைக் கவசத்தை முதலில் செய்யுங்கள். அது சிறியது, பிழைத்தாலும் நட்டமில்லை. மகளின் முன்கையில் மெல்லிய பொலித்தீனைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பேனையால் வடிவத்தை அதிலேயே கீறி, உட்பக்கமாக ஒரு நேர்கோட்டில் கத்தரித்து எடுத்தால் கையின் அளவு தட்டையாகக் கிடைக்கும். அதைத் தடித்த மட்டையில் படியெடுங்கள். தையலில் நீங்கள் விடும் தையல்விடுகை இங்கே வேறு கணக்கு. ஃபோமை வளைக்கும்போது உட்பக்கம் அமுங்கிச் சுற்றளவு குறையும். 5 மி.மீ. ஃபோமுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றரும், 10 மி.மீ. ஃபோமுக்கு மூன்று சென்ரிமீற்றரும் கூட்டி வெட்டுங்கள். முதல்முறை செய்கிறவர்களின் கவசம் இறுகிப்போவது இந்தக் கணக்கை விடுவதால்தான். இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். மணிக்கட்டின் அளவில் வட்டமாக ஒட்டி மூடிவிட்டால் விரல்கள் நுழையும், பெருவிரல் மூட்டு நுழையாது. உட்பக்கத்தில் மூன்று விரலளவு திறந்துவிட்டு அகல எலாஸ்டிக்கைத் தைத்துவிடுங்கள்.

வெட்டுவதற்குப் புது பிளேட் வேண்டும். நாலைந்து நீள வெட்டுக்கு ஒருமுறை நுனியை முறித்துவிடுங்கள். மழுங்கிய பிளேட் ஃபோமை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த விளிம்பு எந்தப் பசைக்கும் சேராது. ஒட்டுவதற்குச் செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசைதான் சரி. இரண்டு விளிம்பிலும் மெல்லிதாகப் பூசிவிட்டுக் காத்திருங்கள். விரலை வைத்தால் ஒட்டுகிறமாதிரி இருக்கவேண்டும், ஆனால் பசை விரலோடு வரக்கூடாது. வழக்கமாகப் பத்து நிமிடம் எடுக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களில் அதில் பாதி நேரத்திலேயே காய்ந்துவிடும் என்பதால் சிறுசிறு பகுதியாகப் பூசுங்கள். ஒருமுறை சேர்ந்தால் பிரிக்க முடியாது. ஒரு முனையில் தொடங்கி அங்குலம் அங்குலமாக அமத்திக்கொண்டு போங்கள். உருக்கி ஒட்டும் குளூகன் பசை வேகமானதுதான், ஆனால் வெயிலில் நிற்கும் பஸ்ஸின் பொதியறையில் அது இளகி, மூட்டெல்லாம் வாய்பிளந்துவிடும். இந்தப் பசை வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூடிய அறையில் அதன் மணம் தலைசுற்றும். பிளேட்டும் பசையும் உங்கள் கையில் இருக்கட்டும். கீறுவதும் வண்ணம் பூசுவதும் மகளுடைய பங்கு.

ஒட்டி முடிந்ததும், சூடான காற்றை ஊதும் ஹீற்கன்னை 10 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து நகர்த்திக்கொண்டே போனால் ஃபோமின் மேற்பரப்பு மெல்ல மினுங்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அது நுண்துளைகள் மூடியதற்கு அடையாளம். சூடாக இருக்கும்போதே முழங்காலில் வைத்து வளைத்தால் அந்த வளைவு நிற்கும். தலைமுடி உலர்த்தியின் சூடு இதற்குக் காணாது, மெழுகுதிரி கரி பிடிக்கும். பிறகு வெள்ளைப் பைண்டர் பசையில் அதேயளவு தண்ணீர் கலந்து, நன்றாகக் காயவிட்டுக் காயவிட்டு மூன்று நான்கு பூச்சு. இதை விட்டுவிட்டு நேரே பெயின்ற் அடித்தால் ஃபோம் அதைக் குடித்துத் திட்டுத்திட்டாகும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினாலோ கை மடக்கும் இடத்தில் வெடிக்கும். மாரிகாலத்து ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் நிறம் வெளிறிப் பூக்கும். மழைவிட்டு வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள்.

மார்புக்கவசத்தின் கீழ்விளிம்பு இடுப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் கதிரையில் இருக்கும்போது கவசம் எழும்பித் தாடையில் இடிக்கும். எல்லாம் முடிந்ததும் ஒரு பின்னேரம் முழு உடுப்பையும் கட்டி இரண்டு மணித்தியாலம் வீட்டில் நடக்கவிடுங்கள். படியேறட்டும், இருக்கட்டும், கழிப்பறைக்கும் போய் வரட்டும். எங்கே உரசுகிறது, எது அவிழ்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வாளைப் பற்றி. நடுவில் அரை அங்குல பீவீசீ குழாய், சுற்றிவர ஃபோம். இரண்டு துண்டாகச் செய்து, கைபிடி தொடங்கும் இடத்தில் குழாய் மூட்டால் பொருத்துங்கள். கொண்டுபோவதும் சுலபம், யாரும் பையைத் திறந்து பார்த்தால் காட்டுவதும் சுலபம். துப்பாக்கிபோலத் தெரியும் எதுவும் வேண்டாம், விளையாட்டுத் துப்பாக்கியானாலும் வேண்டாம். இராணுவ உருமறைப்புத் துணியைத் தொடவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ரயிலில் தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆனால் அணிந்துகொண்டு அல்ல. பெயின்ற் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே காய மூன்று நாளாவது வேண்டும். அதற்குமுன் பொதியாகக் கட்டினால் துண்டுக்குத் துண்டு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய பருத்திச் சேலைத் துண்டை வையுங்கள். மார்புக்கவசத்தின் உள்ளே மற்றத் துண்டுகளையும் உடுப்பையும் அடைத்துவிட்டால் யாராவது மேலே பையை வைத்தாலும் நசுங்காது. விக் என்ற பொய்முடியைத் தனியே ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கையில் கொண்டுபோங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்து இரவு ரயில் ஏறுவது பிள்ளைக்கு வசதி. கால் நீட்டலாம், கழிப்பறை உண்டு. ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறப்பதால் திகதி அறிவித்த கிழமையிலேயே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையைக் கையில் வையுங்கள். நேரத்தை மட்டும் இறுக்கிக் கணக்குப் போடாதீர்கள். கல்லோயா, ஹபரணைக் காட்டுப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடம். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே யானைக்கூட்டத்தில் மோதி மீனகயா என்ற மட்டக்களப்பு ரயில் தடம்புரண்டது. ஆகவே மாநாடு சனிக்கிழமை என்றால் வியாழன் இரவே வெளிக்கிடுங்கள். வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் உறவுவீடோ லொட்ஜோ பார்த்து நன்றாகத் தூங்கவிடுங்கள். விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, தூங்காத கண்ணோடு அன்றைக்கே கவசம் கட்டிய பிள்ளை மத்தியானத்தில் மயங்கி விழும்.

கண்டிப் பிள்ளையும் நீர்கொழும்புப் பிள்ளையும். இணையத்தில் பழகியது பிழையில்லை. ஒரே விருப்பமுள்ள பிள்ளை பக்கத்து வளவில் கிடைக்காதபோது வேறெங்கே தேடுவாள்? ஆனால் போவதற்கு ஒரு கிழமைக்கு முன் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரோடு நீங்கள் வீடியோவில் கதையுங்கள். மகள் கதைத்தது காணாது, நீங்கள் கதைக்கவேண்டும். வளர்ந்தவர் எவரும் முகம் காட்டாமல் சாட்டுச் சொன்னால் அந்தச் சந்திப்பை அத்தோடு விடுங்கள். சந்திப்பது மண்டபத்துக்குள்ளே, தகவல் மேசைக்குப் பக்கத்தில். தங்குமிடத்தின் பெயர், பாடசாலையின் பெயர் எதையும் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய வாகனத்தில் ஏறுவதும் வேண்டாம். உங்களுக்குச் சிங்களம் ஓடாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். உடைமாற்றும் இடத்தில் ஊக்கு கேட்டுக் கைநீட்டும் அம்மாவோடு பழக அதிகம் மொழி தேவையில்லை, மிச்சத்தைப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள். பின்னேரத்துக்குள் உங்களுக்கும் ஒரு சிநேகிதி கிடைக்கலாம்.

உங்கள் பையில் இருக்கவேண்டியவை: ஊக்கு இருபது, கறுப்பு நூல் கோத்த ஊசி இரண்டு, இருபக்க டேப், சுப்பர் குளூ, கொண்டை ஊசி, காயப் பிளாஸ்டர், தட்டைச் செருப்பு ஒரு சோடி, ஸ்ட்ரோ போட்ட தண்ணீர்ப் போத்தல், ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) இரண்டு. ஒவ்வொரு முக்கால் மணித்தியாலத்துக்கும் ஒருமுறை ஓரமாக இருத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீர் கொடுங்கள். தாகம் என்று அவள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், அந்த உற்சாகத்தில் சொல்லமாட்டாள்.

படம் எடுக்கப் பலர் வருவார்கள். வேடம் கட்டியிருப்பது தொட அனுமதி அல்ல. படம் எடுப்பதற்கும் கேட்கவேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல மகளை வீட்டிலேயே பழக்குங்கள். தோளில் கைபோட வருகிறவரிடம் நீங்கள் முன்னால் வந்து சொல்லலாம், யாரும் குறைநினைக்கமாட்டார்கள். ஓவியர்கள் தங்கள் படங்களையும் ஸ்டிக்கர்களையும் விற்கும் மேசைகளுக்குச் சில்லறைத் தாள்களாக ஒரு தொகை பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அங்கே பேரம் பேசக்கூடாது, அது அவர்கள் கைவேலை. வாங்கும் படம் மடியாதிருக்க ஒரு கெட்டி ஃபைல் கொண்டுபோங்கள்.

வேடப் போட்டியில் சேருகிறாளென்றால் விதிகளை முன்கூட்டி வாசியுங்கள். கைவேலைக்குப் புள்ளி கொடுக்கும் போட்டிகளில் பெரும்பாலும் அணிகிறவரே செய்திருக்கவேண்டும். நீங்கள் தைத்ததை மகள் தைத்ததாகச் சொல்ல விடாதீர்கள். நடிப்புக்கான பிரிவு இருந்தால் அதில் சேரட்டும். எதற்கும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படமெடுத்து வைத்திருங்கள்.

திரும்பி வந்ததும் விக்கைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கவசத்தின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். மட்டையில் வெட்டிய அளவுகளை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் திகதியை எழுதி, பாயின் கீழ் தட்டையாக வையுங்கள். 13 வயதுக் கை அடுத்த வருடத்துக்குள் நீண்டிருக்கலாம், அதைப் பார்த்துக் கூட்டி வெட்டலாம்.