பழைய காரில் பிரேக் பெடல் மெதுவாக அடிவரை இறங்குகிறது. மாஸ்டர் சிலிண்டர்தான் காரணமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கார் 16 வருடப் பழையது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். சர்வீஸில் முன் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றி, பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பெடல் மெதுவாக உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துவிட்டு செலவு வைக்கிறாரா, பழைய வண்டியில் பிரேக் பக்கம் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். மற்ற கோளாறுகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாம், இறங்குகிற பெடலை அப்படி விட முடியாது.

நான் மெக்கானிக் இல்லை. பழைய கார் ஒன்றை ஒன்பது வருடமாகக் கட்டி மேய்த்ததில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். அதே சமயம், கெட்டது அவர் கையால்தான் என்பதும் சரியாக இருக்கலாம். இரண்டும் முரண் இல்லை.

எப்படி என்றால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் ஒரு குழாயில் இரண்டு பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய்வருகின்றன. அவற்றின் மேல் ரப்பர் கப் மாட்டியிருக்கும். தினசரி ஓட்டத்தில் நாம் பெடலைப் பாதிவரைகூட மிதிப்பதில்லை. ஆகவே குழாயின் முதல் பகுதி மட்டும் வருடக்கணக்கில் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அந்தப்பக்கம் பிஸ்டன் போகவே போகாது. ஈரம் கலந்த பழைய ஆயில் தங்கி, துருவும் கசடும் படிந்திருக்கும். ஆயில் மாற்றியபின் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கும்போது, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதிக்கிறார் இல்லையா? அப்போதுதான் கப் முதல்முறையாக அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறி இறங்குகிறது. விளிம்பு கீறிக்கொள்கிறது. பழைய வண்டிகளில் பிரேக் ஆயில் மாற்றிய சில நாளில் மாஸ்டர் சிலிண்டர் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கால் அதைத் தாண்டிப் போகாது. இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

சரி, உண்மையிலேயே அதுதானா என்று காலே சொல்லிவிடும். இஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற நிலையில், பெடலை மிதமாக மிதித்து அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே நழுவினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கும் டப்பாவில் ஆயில் அளவும் குறையவில்லை என்றால், கசிவு கப்பைத் தாண்டி மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே நடக்கிறது. ஆயில் திரும்ப டப்பாவுக்கே போய்விடுவதால்தான் பலரும் இதை நம்ப மறுக்கிறார்கள். பலமாக மிதித்துப் பார்த்துவிட்டு நன்றாக நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அழுத்தம் கூடினால் கப் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தால்தான் சில சமயம் குட்டு வெளிப்படும்.

ஆயில் அளவு குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு (இஞ்சின் வேக்கத்தால் மிதிக்குப் பலம் சேர்க்கும் உருண்டை டப்பா) சேரும் இடத்தைப் பாருங்கள். கடைசி சீல் போனால் ஆயில் நேராகப் பூஸ்டர் வயிற்றுக்குள் இறங்கிவிடும். சிலிண்டரைக் கழற்றும் வரை யாருக்கும் தெரியாது.

பெடல் நழுவாமல், ஆனால் ரொம்ப தூரம் போய்ப் பிடிக்கிறது, இரண்டாவது மிதியில் மேலேயே நிற்கிறது என்றால் அது வேறு கதை. பின் டிரம்மில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் கட்டை) தளர்ந்து, டிரம்மை எட்ட அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் லைனில் காற்று. கல் மாதிரி கெட்டியாகி வண்டி நிற்க மறுத்தால் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்கம் குழாயோ. பூஸ்டரைச் சோதிப்பது சுலபம்: இஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

இந்த நான்கையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது. நானும் வீணாக்கியிருக்கிறேன்.

என் வண்டி ஒருநாள் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஓடினாலே முன் இடது சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பேடு மாற்றினோம், சரியாகவில்லை. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரில் பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். காலிப்பரும் புதிதாக வந்தது. இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் அதே வாடை. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, என்னைப் பெடல் மிதித்து விடச் சொன்னார். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. காலிப்பரில் ஏர் எடுக்க இருக்கும் நிப்பிளில் ரிங் ஸ்பானரைப் போட்டு அரைச் சுற்று தளர்த்தினார். சர்ரென்று கொஞ்சம் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விட்டுக்கொண்டது. "காலிப்பர்ல தப்பு இருந்தா இதுக்கு விடாது தம்பி, ஆயில் திரும்பிப் போக வழி இல்ல" என்றார். நிப்பிளை இறுக்கிவிட்டு மறுபடி மிதிக்கச் சொல்லி, சக்கரம் பிடித்துக்கொண்டதும் இந்தமுறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல்முனையில், இரும்புக் குழாயோடு சேரும் இடத்தைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. அடைப்பு ஹோஸுக்குள்தான்.

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்கக் கறுப்பாக, வெடிப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டினோம். உள்துளை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் உப்பி, ஊசி முனை அளவுதான் வழி. மிதிக்கும்போது இருக்கிற அழுத்தத்துக்கு ஆயில் அதன் வழியே புகுந்துவிடும். திரும்பி வரும்போது அதைத் தள்ள அப்படி ஒரு பலம் கிடையாது. காலிப்பரில் ஸ்பிரிங்கே இல்லை. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, மிதிக்கும்போது அது லேசாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனை இம்மியளவு பின்னால் இழுக்கும். அவ்வளவுதான். அந்த இம்மியை ஒரு உப்பிய ஹோஸ் தின்றுவிடுகிறது.

அதிலிருந்து நான் ஒன்று புரிந்துகொண்டேன். நாம் பேடையும் டிஸ்க்கையும் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பத்து வருடம் தாண்டிய காரில் தொந்தரவு தருவது பெரும்பாலும் கிலோமீட்டர் இல்லை, வயசு. ஹோஸ், கப், சீல், தூசி மறைப்பு எல்லாமே ரப்பர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்கு வயதாகிறது. அதிலும் கொட்டகையிலேயே நிற்கும் வண்டியை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவேன். "ரொம்ப கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்பது பிரேக் விஷயத்தில் நற்சான்றிதழ் இல்லை. ஆகவே ஹோஸ்கள் எப்போது மாற்றப்பட்டன என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். இன்னொன்று: பேடு மாற்றும்போது கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவார்கள். பார்த்தால் தடுத்து, ஒரு கம்பியால் கட்டி மாட்டச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, அது ஆயில் இல்லை. டாட் (DOT) 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்தவை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு, 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. நீளமான மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூடு தாராளமாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் சும்மா உள்ளே போகும். கீழே வந்து வண்டி ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சாதாரணமாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மூடியைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். நிறம் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும், ஆனால் நிறம் தெளிவாக இருப்பதால் ஈரம் இல்லை என்று அர்த்தமில்லை.

டப்பா மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது மறுபடி கிளைக்கால். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! இஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறி இதில் விழுந்துவிட்டால் ரப்பர் அத்தனையும் உப்பிவிடும்; பிறகு லைன் முழுக்க ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியதுதான். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

டப்பாவில் அளவு கொஞ்சம் குறைந்தால் உடனே நிரப்ப வேண்டும் என்று இல்லை. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், அளவு இறங்கும். பேடைப் பாருங்கள். பார்க்கும்போது சக்கரத்தின் இடுக்கு வழியாக வெளிப்பேடை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உள்பேடு வெறும் தகடாகிப்போய் வெளிப்பேடு பாதி இருக்கும் வண்டிகள் நிறைய. காலிப்பர் நகர வேண்டிய பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் இப்படித்தான் ஆகும். பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸைத் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் அங்கே போகக் கூடாது, ரப்பர் உறை உப்பிவிடும். பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்தால் நான் மாற்றிவிடுவேன், இரண்டு பக்கமும் சேர்த்தே.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். லேத்தில் கொடுத்துச் சீவிய பிறகும் அதற்கு மேல் இருந்தால் சரி, இல்லாவிட்டால் புதுசு. மழைக்கு மறுநாள் காலையில் தெரியும் துருப்படலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், நாலு மிதியில் போய்விடும்.

பின் டிரம்மை யாரும் திறப்பதே இல்லை. வருடம் ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இருமுனையிலும் ரப்பர் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும். அதன் விளிம்பை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசை என்றால் கவனிக்கலாம். சொட்டாக வழிந்தால் சிலிண்டர் முடிந்தது. வழிந்த ஆயில் ஷூவில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, இரு பக்கமும் ஷூ மாற்ற வேண்டும். தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைப்பதே சரி.

ஷூ தளர்ந்தால் தானாக இறுக்கிக்கொள்ளும் அட்ஜஸ்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. துரு ஏறி அது நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக் மேலே மேலே போகும். உடனே கேபிளை இறுக்கிக் கொடுப்பார்கள். அது ஏமாற்று வைத்தியம். கேபிள் இறுகினால் உள்ளே இருக்கும் நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. முதலில் ஷூ, பிறகே கேபிள். நீண்டநாள் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். பெடல் நழுவுகிறதா என்ற சோதனையை நீங்களே செய்யுங்கள். நழுவினால் நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், பின் டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கும் கசிவில்லை என்றால் மெக்கானிக் சொன்னதுதான். கிட் (கப், சீல் போன்ற ரப்பர் பாகங்கள்) மட்டும் மாற்றலாம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழாயில் குழி விழுந்திருந்தால் புதுக் கப்பும் அதிலேயே கிழியும். முழு சிலிண்டர் போடுங்கள். வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிற கார் என்றால் அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது சிரமம், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய சிலிண்டரை அவரிடம் கேட்டு வாங்கி, பிஸ்டனை வெளியே இழுத்துப் பாருங்கள். கப்பின் விளிம்பில் கீறலோ, குழாயின் உட்கோடியில் பழுப்புத் திட்டோ தெரிந்தால் நோய் அங்கேதான் இருந்தது. இரண்டும் இல்லாமல் எல்லாம் வழவழவென்று இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், வேறு எங்கே கசிந்திருக்கும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.