பாதி மறைந்த பெட்ரா

கேள்வி: ஜோர்டானில் பாறையில் குடைந்த பண்டைய நகரமான பெட்ராவைப் பற்றிய கட்டுரையில், அமெரிக்க ஓவியர் ஃபிரெடெரிக் எட்வின் சர்ச் வரைந்த ஓவியத்தைப் பாராட்டியிருந்தீர்கள்; அங்கே மலையில் செதுக்கப்பட்ட கஸ்னா என்னும் கட்டடத்தைக் காட்டும் ஓவியம் அது. முகப்பின் பெரும்பகுதியைப் பாறை மறைக்கிறது. அதுவும் நேரில் பார்த்து ஆறு ஆண்டுகள் கழித்து வரைந்த படம். ஒரு கைப்பேசிப் படம் இதைவிட உண்மையாக இருக்காதா?

பதில்: இருக்காது. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சிக் என்னும் குறுகிய பாறைப் பிளவின் வழியே, இருபுறமும் செங்குத்தாக எழுந்து வெயிலை மறைக்கும் சுவர்களுக்கிடையில் நடந்து வருகிறவருக்கு, அங்கே வாழ்ந்த பண்டைய அரபு மக்களான நபாத்தியர்கள் மலையைக் குடைந்து செதுக்கிய அந்த 40 மீட்டர் உயர முகப்பு ஒரேயடியாகத் தெரிவதில்லை. இருண்ட பாறைகளின் இடுக்கில் இளஞ்சிவப்பாக ஒளிரும் ஒரு கீற்றுதான் முதலில் கண்ணில் படும். சர்ச் வரைந்தது அந்தக் கணத்தை. பாறை அங்கே குறுக்கே நிற்கும் தடை என்று நீங்கள் கருதுவதுதான் பிழை, ஓவியத்தின் பாதி உயிரே அந்த இருட்டில் இருக்கிறது.

ஆறு ஆண்டு இடைவெளியையும் குறையாகச் சொல்கிறீர்கள். 1868இல் பெட்ராவிலேயே தீட்டிய எண்ணெய் வண்ண வரைவுகளை வைத்துக்கொண்டுதான் அவர் 1874இல் பெரிய ஓவியத்தை முடித்தார். இரும்பு ஆக்ஸைடு மணற்கல்லுக்குத் தந்த சிவப்பு அவர் நேரில் கண்டு குறித்துக்கொண்டது. எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்க அந்த இடைவெளி உதவியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

முழு முகப்பும் வேண்டுமென்றால், 1839இல் அங்கே சென்ற ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் அச்சோவியங்களைப் பாருங்கள். ஆவணம் என்ற வகையில் அவற்றுக்கு நிகர் குறைவு. ஆனால் அவற்றில் நாம் கட்டடத்தின் எதிரே வந்து நின்றுவிட்டோம்; சர்ச்சின் ஓவியத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கிறோம்.

யாருக்காக வரைந்தார் என்பதும் முக்கியம். பெட்ராவுக்கு வராமல் பெய்ரூட்டில் தங்கியிருந்த மனைவி இசபெல்லுக்கு அவர் தந்த பரிசு அது. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரைக் குன்றின் மேலுள்ள அவர்களுடைய ஒலானா இல்லத்தில் கணப்படுப்புக்கு மேலே தொங்குகிறது. அந்த இடத்தைக் காணாத ஒருவருக்குத் தூண்களின் அளவைவிட, கடைசித் திருப்பத்தில் மூச்சு நின்றுபோகும் அனுபவத்தைக் கொடுப்பதே பெரிது. நீங்கள் உயர்த்திப் பேசும் கைப்பேசிப் படங்களிலும் எத்தனையோ படங்கள், சிக் முடியும் இடத்தில் நின்று, இரு பாறைகளையும் சட்டமாக வைத்து எடுக்கப்பட்டவைதாம்.