நாட்டுச் சர்க்கரைக்கு மாறியும் 6.1 ஏன்?

வணக்கம். ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் சோதனை) 6.1 வந்திருக்கிறது, டீக்கு நாட்டுச் சர்க்கரைதான் போடுகிறேன், அலுவலகத்தில் நாலு டீ தவிர்க்க முடியவில்லை, வீட்டில் சமைப்பதைத்தானே சாப்பிட முடியும் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. திரும்பி வர வழி இருக்கிறது. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 கிராமுக்குக் குறையாது. நாலு டீக்கு 32. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கடைக்காரரிடம் "சர்க்கரை இல்லாம" என்று சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் வாரம் ருசிக்காது, அப்புறம் பழகிவிடும். டீயோடு வரும் பிஸ்கட்டின் பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிடுவார்கள். பெரும்பாலும் மைதாவாக இருக்கும்.

வீட்டுச் சமையலை யாரும் மாற்ற வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ளுங்கள். பரிமாறும்போது போதும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் மனைவி ஊகித்து நிறுத்த முடியாது.

இதெல்லாம் உண்மையில் பலிக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரைக்குக் கிடைத்தது 26.4.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். நடுவில் அதிக தாகமோ காரணமில்லாத எடை குறைவோ தெரிந்தால், காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.