டயாலிசிஸ் நோயாளிக்கு அல்சர் வந்தால்...

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறார். எண்டோஸ்கோப்பியில் அல்சர் என்றும், ஹெச். பைலோரி கிருமி இருக்கிறது என்றும் சொன்னார்கள். வயிற்று டாக்டர் 14 நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார். கிட்னி இதைத் தாங்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாங்கும், அளவை மாற்றினால். மற்றவர்களுக்கு அமாக்ஸிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி. என்று தினமும் இரு வேளை தருவது வழக்கம். சிறுநீரகம் கைவிட்டவருக்கு இரண்டையுமே குறைக்க வேண்டும், கிளாரித்ரோமைசின் பாதியாகிவிடும். அமாக்ஸிசிலினை டயாலிசிஸ் கழுவி எடுத்துவிடும் என்பதால், அந்த நாளில் மெஷினிலிருந்து இறங்கிய பிறகு போடட்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலுக்கு அளவு மாற்றம் தேவையில்லை; சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு.

சீட்டில் பிஸ்மத் என்ற அல்சர் மருந்து இருந்தால் மாற்றிக் கேளுங்கள். அதில் ரத்தத்தில் சேரும் பகுதி பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவது. வழி அடைபட்டால் உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கும்: குழப்பம், தள்ளாட்டம், கை நடுக்கம்.

கிளாரித்ரோமைசின் மற்ற மாத்திரைகளோடு மோதக்கூடியது. அம்லோடிபின் போடுபவருக்கு பிரஷர் சட்டென்று இறங்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையால் தசை பாதிக்கப்படலாம். சிம்வாஸ்டாட்டின் என்றால் சேர்க்கவே கூடாது. அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு கிட்னி டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். பெயர் சொல்வதைவிட அதுதான் நம்பகமானது.

டயாலிசிஸ் டெக்னீஷியனிடம், ஊசி குத்துவதற்கு முன்பே "அல்சர் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரினைக் குறைப்பார்கள், அல்லது இல்லாமலே செய்வார்கள். யூரியா ஏறிய உடம்பில் தட்டணுக்கள் ஒழுங்காக ஒட்டாது; சின்னப் புண்கூட நிற்காமல் கசியும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, நாற்றமும் அடித்தால் அது ரத்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனாலும் வயிற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: வயிற்றுப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை, இளநீர், ஜெலுசில் தரலாமா?
- வாசகர், தேனி

பதில்: மற்றவர்களுக்குச் சரி. கிட்னி நோயாளிக்கு மூன்றுமே சிக்கல். ஒரு இளநீரிலேயே 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். கீரை வேண்டுமென்றால் நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, டயட்டீஷியன் சொன்ன அளவு மட்டும். ஜெலுசில் போன்ற மருந்துகளில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு, இரண்டும் தேங்கும். புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் மருந்திலும் அலுமினியம்தான்.

கேள்வி: மாத்திரை முடிந்தது, வலியும் போய்விட்டது. மறுபடி டெஸ்ட் அவசியமா?
- வாசகர், கடலூர்

பதில்: அவசியம். வலி போனாலும் கிருமி இருக்கலாம், அது இருந்தால் புண் திரும்பும். ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்யுங்கள். பான்டோப்ரசோலை அதற்கு 2 வாரம் முன்பே நிறுத்தவில்லை என்றால், கிருமி இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். சமீபத்தில் ரத்தம் கசிந்தவர் தானாக நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்ட் இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் பல மாதம் பாசிட்டிவ் வரலாம்.